பிள்ளைகளுக்கு ஒரு மட்டக் குதிரை

ஜனவரி 19, ஞாயிறு

காலையில் நல்ல பனி. மாடிச் சுவரில் காயப்போட்ட துண்டு விடிந்த பிறகும் ஈரம். சர்ச் ஆராதனைக்குப் போகவில்லை. போனால் யாராவது "தனியாவா வந்தீங்க" என்று கேட்பார்கள். கோவில்பட்டிக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. இன்னும் கேட்கிறார்கள்.

வெயில் ஏறும் நேரத்தில் சிஸ்டர் அமலியின் போன். கயத்தாறு ரோட்டில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துகிறவர். அங்கே இருக்கும் பசுக்களுக்கும் நாய்க்கும் நான்தான் டாக்டர். நாய்க்குத்தான் ஏதோ என்று பையைத் தூக்கிக்கொண்டு போனேன். நாய் வாசலில் வாலாட்டியது.

"டாக்டர், நமக்கு ஒரு குதிரை வேணும்" என்றார் சிஸ்டர். "குதிரை மேல உக்காந்தா இந்தப் பிள்ளைகளுக்கு இடுப்பும் காலும் இளகிக் குடுக்குமாம். நம்ம பிசியோ சார் வேற ஊர்ல பாத்துட்டு வந்து சொல்லுதாரு. வாங்கித் தாரதுக்கும் ஆள் இருக்கு. மட்டக் குதிரை. நல்ல சின்னக் குட்டியா பாத்துச் சொல்லுங்க. பிள்ளைக பயப்படக் கூடாது பாருங்க."

எனக்குக் குதிரை அனுபவம் கொஞ்சம். படிக்கும்போது பார்த்தது, பிறகு திருவிழாக் குதிரைகளுக்கு ஊசி போட்டது. அதைச் சொன்னேன். "இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்ச மாட்டு டாக்டர் நீங்க ஒருத்தர்தான்" என்றார். முடிந்தது.

அங்கே முத்துராஜ் என்று ஒரு பையன். எட்டு வயது. இரண்டு காலும் கத்தரி போலக் குறுக்கே மாட்டிக்கொள்ளும், பிரியாது. அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை. காலையில் இடுப்பில் தூக்கி வந்து விட்டுப் போகிறாள். அவன் கேட்டான்:

"குதிரை கடிக்குமா?"

"சிலது கடிக்கும்."

"எனக்குக் கடிக்காதது."

சரி என்றேன். முதல் நிபந்தனை.

மத்தியானம் தயிர்சாதம். சாயங்காலமும் அதே.

ஜனவரி 22, புதன்

கால்நடை மருந்தகத்தில் ஒரே ஆடுகள். பிறகு ஒரு எருமை, கன்று தலை திரும்பி மாட்டிக்கொண்டது. தோள் வரை கையை விட்டுத் திருப்பி எடுத்தேன். உயிரோடு வந்தது. தாய் நக்க ஆரம்பித்ததும் அந்த வீட்டு அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இப்போது தோளெல்லாம் வலி.

வீட்டுக்கு வந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அம்மாவுக்குப் போன். நாகர்கோவிலில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். "சாப்ட்டியா? வக்கீல் கிட்ட இருந்து பேப்பர் எல்லாம் வாங்கிட்டியா?" வாங்கிவிட்டேன். விவாகரத்துத் தீர்ப்பின் நகல் அலமாரியில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கிறது. எருமையைப் பற்றிச் சொல்ல இடம் வரவில்லை.

மாட்டுத் தரகர் மாடசாமி அண்ணாச்சி காலையில் வந்திருந்தார். குதிரை விஷயம் சொன்னேன். பையிலிருந்து போனை எடுத்து வரிசையாகப் படம் காட்டினார். எல்லாம் குட்டிகள். ஒன்றுக்கு நெற்றியில் குஞ்சம், ஒன்றுக்குக் கூலிங்கிளாஸ். "சின்னப் பிள்ளைகளுக்குச் சின்னக் குதிரைதான டாக்டரம்மா?"

இல்லை. சிஸ்டருக்கும் போனில் இதையேதான் விளக்கினேன். இரண்டு வயதுக் குட்டிக்கு முதுகு இன்னும் உறுதிப்பட்டிருக்காது. அதோடு அதுவும் ஒரு பிள்ளை. ஒரு பிளாஸ்டிக் பை பறந்தால் ஓடும். பயப்படுகிற பிள்ளையின் மேல் பயப்படுகிற பிள்ளையை ஏற்றி வைக்க முடியாது.

சிஸ்டருக்கு ஏமாற்றம். குட்டி என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாராம்.

வேண்டியது: வயது ஐந்துக்கு மேல், எட்டுக்குள். உயரம் என் நெஞ்சுக்குக் கீழே. பெட்டை நல்லது. குளம்பு சுத்தம். யாராவது அடித்த குதிரை வேண்டாம். கடிக்காதது.

ஜனவரி 25, சனி

கயத்தாறு. அண்ணாச்சியின் பைக்கைப் பின்தொடர்ந்து என் ஸ்கூட்டி. நாற்கரச் சாலையில் லாரிக் காற்று ஆளைத் தள்ளுகிறது. லாரிகள் நிற்கிற ஒரு ஓட்டலுக்குப் பின்னால், வேப்ப மரத்தில் கட்டிக் கிடந்தது. வெள்ளை ஆண். ஐந்து வயது, பல் பார்த்தேன், சரியாகச் சொன்னார்கள். பார்க்க அவ்வளவு அழகு. பள்ளிச் சுவரில் வரைந்து வைக்கலாம்.

"சுழி பாருங்க டாக்டரம்மா. நெத்தியில ஒண்ணு, நெஞ்சுல ஒண்ணு. இந்தச் சுழி இருக்கிற இடம் விளங்கும்" என்றார் அண்ணாச்சி.

நான் காலைப் பார்த்தேன். காலில் ஒன்றுமில்லை. பிறகு, தலைமுடியைச் சரிசெய்கிறவள் மாதிரி சட்டென்று கையை உயர்த்தினேன். கயிறு அறுகிற மாதிரி பின்னால் இழுத்து, கண் வெள்ளை தெரிய நின்றது. விலாவில் ரோமத்துக்கு அடியில் வரி வரியாகத் தழும்பு.

"வண்டிப் பந்தயத்துல ஓடினதா?"

குதிரைக்காரர் ஒத்துக்கொண்டார். "ரெண்டு சீசன் ஓடிச்சு. இப்ப சாதுவாயிட்டு."

சாதுவாகவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். யார் கை எப்போது உயரும் என்று. முத்துராஜுக்குக் கை தானாகவே உயரும், அவன் சொன்னால் கேட்காது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பிப் பார்த்தபோது இன்னும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜனவரி 26, ஞாயிறு

மருந்தகத்தில் கொடியேற்றம். நானும் உதவியாளரும் வாட்ச்மேனும். ஆளுக்கு இரண்டு மிட்டாய். உதவியாளர் மகளைக் கூட்டி வந்திருந்தார், என் மிட்டாயை அவளுக்குக் கொடுத்தேன். எட்டரைக்கெல்லாம் முடிந்துவிட்டது. மீதி நாள் முழுதும் கிடந்தது.

மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் பாதி கேட்டேன். "பாதியை நான் யாருக்கு விக்க?" என்றார் கடைக்காரர். முழுசாக வாங்கி வந்தேன். ஒரு வாரம் ஓடும்.

கீழ்வீட்டு அக்கா மாடிப்படியில் நிறுத்தி: "நீங்க மேல இருக்கீங்களா இல்லையான்னே தெரிய மாட்டேங்கு டாக்டரம்மா. ஒரு சத்தமும் இல்ல. முன்னாடி இருந்தவிய மிக்சி போட்டாலே எங்களுக்குக் கட்டில் ஆடும்." பாராட்டாகத்தான் சொன்னாள். மேலே வந்து டிவியைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுத் துணி மடித்தேன்.

பிப்ரவரி 1, சனி

இடைசெவல். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். சாம்பல் நிறப் பெட்டை, ஏழு வயது. காலைத் தூக்கினேன், கொடுத்தது. குடையை விரித்தேன், அசையவில்லை. வாளியைக் கீழே போட்டேன், அசையவில்லை. அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வாளி விழுந்தால் நல்ல குதிரை திரும்பிப் பார்க்க வேண்டும். இது பார்க்கவே இல்லை. கீழுதடு தொங்கியது. கண் பாதி மூடி. தலை முழங்கால் வரை.

"சாயங்காலம் வாரேன்" என்றேன்.

"இப்பவே பேசி முடிச்சிருவமே" என்றார் அவர்.

பருத்திக் காட்டு ஓரமாகப் போய் ஒரு மாட்டுக்குப் பார்த்துவிட்டு, டீக்கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் திரும்பினேன். அதே குதிரை. காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, வருகிற ஆளை எல்லாம் கடிக்கப் பார்க்கிறது. மயக்க மருந்து இறங்கிவிட்டது.

அண்ணாச்சியிடம் கோபித்துக்கொண்டேன். நடுரோட்டில் நின்று. "அதுல முத்துராஜை ஏத்தியிருந்தா?" அவருக்கு முத்துராஜ் யாரென்று தெரியாது. சொன்னேன். கேட்டுவிட்டு, "சத்தியமா எனக்குத் தெரியாது டாக்டரம்மா" என்றார். முகத்தைப் பார்த்தால் நிஜம் போலத்தான் இருந்தது.

பைக்கைக் கிளப்பிவிட்டு மறுபடி நிறுத்தினார். "நாகலாபுரத்துல ஒரு பெட்டை இருக்கு. அதைக் காட்ட வேண்டாம்னு இருந்தேன்."

"ஏன், என்ன கோளாறு?"

"குதிரைக்கு ஒண்ணுமில்ல. வந்து பாருங்க."

பிப்ரவரி 8, சனி

நாகலாபுரம் போய்வந்தேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விளாத்திகுளம் தாண்டியதும் இரண்டு பக்கமும் மிளகாய். பழம் பறிக்கும் பருவம், களமெல்லாம் சிவப்பாகக் காய்கிறது. பாளம் பாளமாக வெடித்த கரிசல். கிருஷ்ணசாமி என்பவர் வீடு. மானாவாரி வெள்ளாமை பார்க்கிற சம்சாரி. வீட்டுக்குள் தெலுங்கு, எங்களிடம் தமிழ். பந்தயத்துக்கு என்று குட்டியாக வாங்கி வந்தாராம். வளரவில்லை, வேகமும் இல்லை. "ஓட்டத்துக்கு ஆகலை. வித்திருப்பேன். பாப்பா விடலை."

செவலை நிறம். ஆறு வயது. பெயர் பொம்மி. கொட்டகையில் கட்டாமலே நின்றது.

குடையை விரித்தேன். ஒரு எட்டு பின்னால் போய், நின்று, குடையை முகர்ந்து பார்க்க வந்தது. வாளியைப் போட்டேன். திரும்பிப் பார்த்தது, பிறகு சோளத்தட்டையைத் தின்னப் போயிற்று. கையை உயர்த்தினேன். ஏதோ கொடுக்கப் போகிறேன் என்று கையை நோக்கி மூக்கை நீட்டியது. வயிற்றுக்கு அடியில் குனிந்து மறுபக்கம் வந்தேன். நான்கு குளம்பும் தட்டு மாதிரி சுத்தம்.

"யார் பாக்குதா இதை?"

அப்போதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். தட்டை அடுக்கிய படப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பவித்ரா. பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. அப்பா ஏறிக்காட்டச் சொன்னார். சேணம் இல்லை, ஒரு கோணிச்சாக்கு. கொட்டகைத் தூணில் கால் வைத்து ஏறி, தெலுங்கில் ஏதோ மெதுவாகச் சொன்னாள். கயிற்றை இழுக்கவே இல்லை. பொம்மி களத்தைச் சுற்றி வந்தது, காய்கிற மிளகாயில் ஒரு பழத்தைக்கூட மிதிக்காமல். பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். இவள் இறங்கி அவர்களை ஏற்றிவிட்டாள். ஒருத்தன் பிடரியைப் பிடித்து இழுத்தான். பொம்மி பேசாமல் நின்றது.

இதுதான். இதைத் தவிர வேறு எதுவும் கிடையாது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

"ஜூன்ல ஆஸ்டல்ல சேக்கப் போறேன். பொம்பளப் பிள்ளை, பெரிசாயிட்டு வருதா. இன்னும் குதிரை மேல ஏறிக்கிட்டுத் திரிஞ்சா ஊரு என்ன சொல்லும்?" என்றார் கிருஷ்ணசாமி. மெதுவாகத்தான் சொன்னார். அவளுக்குக் கேட்டது. பொம்மியின் பிடரியில் ஒட்டியிருந்த தூசியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள், எங்கள் பக்கம் முதுகைக் காட்டி.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்று வந்துவிட்டேன்.

அண்ணாச்சி வழியில் டீ வாங்கிக் கொடுத்தார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். பின் வரிசை. பிரசங்கம் எதைப் பற்றி என்று இப்போது நினைவில்லை.

அந்தக் குதிரை நல்ல குதிரையாக இருப்பதற்கு அந்தப் பெண்தான் காரணம். ஆறு வருடம், தினமும், ஒரு பிள்ளையின் கை. அதனால்தான் அது பிள்ளைகளுக்கு ஏற்றது. அவளிடமிருந்து அதைப் பிரித்துத்தான் மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும்.

சிஸ்டரிடம் "இதுவும் சரிப்படாது" என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை. யாருக்கும் தெரியாது. சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"நீங்க வேண்டாம்னா புதன்கிழமை வேற ஆள் வாராவ" என்றார். "கடற்கரையில சவாரி விடுற ஆளு. அவியகிட்டப் போனா வெயில்ல ஒரு நாளைக்கு எத்தனை ரவுண்டோ. அதான் உங்களுக்குக் காட்டினேன்."

"பிறகு ஏன் முதல்ல காட்ட வேண்டாம்னு இருந்தீங்க?"

"எனக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு டாக்டரம்மா."

ஆக நான் விட்டாலும் போகிறது. எடுத்தாலும் போகிறது. இதை யாரிடமாவது வாய்விட்டுக் கேட்க வேண்டும் போலிருக்கிறது, நான் செய்யப்போவது சரிதானா என்று. விவாகரத்துக்கு முன்னால் என்றால் ஆனந்த் கேட்டுவிட்டுச் சிரித்திருப்பார். "குதிரைக்கா இவ்வளவு?" அப்படி ஒரு ஆள் சிரிப்பதற்குக்கூட இப்போது இல்லை. முட்டைக்கோஸின் கடைசித் துண்டைத் தூக்கிப் போட்டேன்.

சிஸ்டரிடம் சரி என்று சொல்லியாகிவிட்டது.

பிப்ரவரி 12, புதன்

அரை நாள் விடுப்பு. மினி லாரி, உள்ளே வைக்கோல் பரப்பி. கிருஷ்ணசாமி வீட்டில் காப்பி கொடுத்தார்கள். பவித்ரா பள்ளிக்கூடம் போயிருப்பாள், அவள் இல்லாத நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் மத்தியானம் போனேன். அவள் பள்ளிக்குப் போகவில்லை. கொட்டகையில் இருந்தாள். குளம்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள்.

என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள். "வலது பின்னங்கால் கடைசியா தூக்கணும். முதல்ல தூக்கினா கோவம் வரும். முருங்கைக் கீரைன்னா உயிரு. இடி இடிச்சா யாராவது பக்கத்துல நிக்கணும்."

"சரி."

"மறந்திர மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"உங்க வீட்ல என்ன வளக்குதீங்க?"

"ஒண்ணும் வளக்கலைம்மா."

"நாய் கூடயா?"

"இல்ல."

"கோழி?"

"இல்ல."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குளம்பைக் கீழே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள். வண்டியில் ஏற்றும்போது வரவில்லை. அவள் அம்மா வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பொம்மி பலகையில் ஏற மறுக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. எங்களோடு எங்கேயோ போய்விட்டு வரப்போகிறோம் என்று நினைத்திருக்கும்.

பிப்ரவரி 15, சனி

பொம்மி மூன்று நாளாகச் சரியாகத் தின்னவில்லை. காய்ச்சல் இல்லை, வயிறு நன்றாக இருக்கிறது. முருங்கைக் கீரையைக் கூட முகர்ந்துவிட்டு விட்டுவிடுகிறது. குதிரையைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியில் வேலைக்கு வைத்திருக்கும் அண்ணன் நல்ல மனிதர், மாட்டுக்காரர். "வா தாயி, நட தாயி" என்று கெஞ்சுகிறார். நின்ற இடத்தில் நிற்கிறது.

இன்று முத்துராஜை ஏற்றிப் பார்த்தோம். பிசியோ சார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உட்கார வைக்க வெகுநேரம் ஆனது, கால் பிரிய வேண்டுமே. வலியில் அழுதான், ஆனால் இறக்க வேண்டாம் என்றான். பொம்மி ஆடாமல் நின்றது. அவ்வளவுதான். நட என்றால் நடக்கவில்லை. கயிற்றை இழுத்தால் கழுத்தை நீட்டியது, கால் எடுக்கவில்லை. அண்ணன் பின்னால் போய்த் தட்டப் போனார், நான் தடுத்தேன்.

"என்னைப் பிடிக்கலையா?" என்று முத்துராஜ் கேட்டான்.

"அப்படி இல்லடா."

"பிறகு?"

அவனை மெதுவாக இறக்கினோம். அவன் அம்மா வேலைக்கு லீவு போட்டுப் பார்க்க வந்திருந்தாள். பையனைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். சிஸ்டர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. "செபம் பண்ணுதேன்" என்றார்.

சாயங்காலம் கிருஷ்ணசாமிக்குப் போன். பவித்ராவிடம் பேச வேண்டும் என்றேன். கூப்பிடுகிற சத்தம் கேட்டது, தெலுங்கில் அம்மாவின் குரல், பிறகு கதவுச் சத்தம். "வர மாட்டேங்கா டாக்டரம்மா. தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

விடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நானே நாகலாபுரம் போனேன். அண்ணாச்சியைக் கூப்பிடவில்லை. பனி விலகி வெயில் சுள்ளென்று அடித்தது, மாசி தொடங்கிவிட்டது.

பவித்ரா காட்டில் மிளகாய்ப் பழம் பறித்துக்கொண்டிருந்தாள், அம்மாவோடு. என்னைப் பார்த்ததும் அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள். அவள் அம்மா, "உக்காருங்க, மோர் கொண்டாறேன்" என்று வீட்டுக்குப் போனாள். நான் உட்காரவில்லை. ஒரு ஓலைப்பெட்டியை எடுத்துக்கொண்டு பவித்ராவுக்கு எதிர் வரிசையில் பறிக்க ஆரம்பித்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை, அதனால்தான்.

கொஞ்ச தூரம் பறித்தோம்.

"காம்போட பறிக்கணும்" என்றாள்.

காம்போடு பறித்தேன்.

"அது சாப்பிட மாட்டேங்கு பவித்ரா" என்றேன். "நடக்கவும் மாட்டேங்கு. முத்துராஜ்னு ஒரு பையன். அவனுக்கு நடக்க வராது. அவனைப் பிடிக்கலையோன்னு கேக்குதான்."

பறித்துக்கொண்டே இருந்தாள். என் நெற்றியில் வியர்வை, கையால் துடைத்தேன். அப்படியே கண்ணிலும் பட்டுவிட்டது. எரிச்சல் தாங்கவில்லை. கண்ணைத் திறக்க முடியாமல் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டேன். காலடிச் சத்தம். குடத்தைச் சாய்த்து என் முகத்தில் தண்ணீர் ஊற்றினாள்.

"கண்ணைக் கசக்காதீங்க. கசக்குனா கூடும். விட்டுருங்க, தானா வழியட்டும்."

வழிய விட்டேன். நின்றுகொண்டே இருந்தாள். நான் அழுகிறேனா மிளகாயா என்று அவளுக்குக் குழப்பம். எனக்குமே.

பிறகு கேட்டாள். "அதுகிட்ட என்ன பேசுதாங்க?"

"வா, நட, நில்லு. வேற என்ன?"

"அதுக்குத் தமிழ் தெரியாது" என்றாள். "நாங்க வீட்ல பேசுறதுதான் தெரியும். வரச் சொல்ல 'ரா'. நடக்கச் சொல்ல 'பத'. மெதுவாப் போகணும்னா 'மெல்லகா'. சத்தமாச் சொல்லக் கூடாது. காதுக்குப் பக்கத்துல."

மூன்று வார்த்தை. நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. முதல் நாள் என் காதால் கேட்டும்.

"நீ வந்து சொல்லிக் குடுக்கியா?"

"வர மாட்டேன்."

அவள் அம்மா மோரோடு வந்துவிட்டாள். குடித்தேன். நான் ஸ்கூட்டியைக் கிளப்பும்வரை பவித்ரா பாத்தியை விட்டு நிமிரவில்லை.

நேரே பள்ளிக்குப் போய் பொம்மியின் காதோரம் சொன்னேன். "பத." காதைத் திருப்பியது. என் கையை முகர்ந்தது. இரண்டு எட்டு வைத்து, நின்று, வாசலைப் பார்த்தது. யாரோ வருவதாக நினைத்திருக்கும்.

பிப்ரவரி 22, சனி

வாரம் முழுவதும் எழுதவில்லை. பொம்மி கொஞ்சம் தின்கிறது. அண்ணன் மூன்று வார்த்தையையும் பழகிக்கொண்டார், ஆனால் "மெல்லகா" அவர் வாயில் அதட்டல் மாதிரி வருகிறது. புதன், வியாழன் இரண்டு நாளும் மருந்தகம் முடிந்து போய்ப் பார்த்தேன். நடக்கிறது, நிற்கிறது, நடக்கிறது.

இன்று பிள்ளைகளை வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். முத்துராஜின் அம்மா மறுபடி வந்திருந்தாள். ஏற்றுவதற்கு முன்னால் வாசலில் பைக் சத்தம். கிருஷ்ணசாமி. பின்னால் பவித்ரா. பள்ளிக்கூடச் சீருடை, இரட்டைச் சடை, கையில் கோணிச்சாக்கு.

"ஒரு வாரமா ஒரே பிடிவாதம். கொண்டு போய் விடுங்க, சொல்லிக் குடுத்துட்டு வாரேன்னு" என்றார். என்னிடம் சொல்லவில்லை, சிஸ்டரிடம் சொன்னார்.

பொம்மி அவளைப் பார்த்ததும் என்ன செய்தது என்று எழுத எனக்கு வராது. கனைக்கவில்லை, ஓடவில்லை. அவள் நெஞ்சில் நெற்றியை வைத்து முட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. சிஸ்டர் வேறு பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்தார்.

சேணத்தை எடுத்துவிட்டுச் சாக்கைப் போட்டாள். "சூடு தெரியணும்ல, அப்பத்தான் கால் இளகும்" என்றாள். பிசியோ சாரும் தலையாட்டினார். முத்துராஜை ஏற்றினோம். அழுதான், குறைவாக.

"உம் பேரென்ன?" என்று அவள் கேட்டாள்.

"முத்துராஜ்."

"அது காதுல 'பத'ன்னு சொல்லு."

குனிய அவனுக்கு வராது. பவித்ரா அவன் முதுகில் கை வைத்து மெதுவாகச் சாய்த்தாள். அவனுக்கு அந்த வார்த்தை வாய்க்குள் சுற்றிச் சுற்றி, கடைசியில் "பா... த்தா" என்று வந்தது. பொம்மி காதைத் திருப்பிக் கேட்டது. நடந்தது.

வேப்ப மரம் வரை. பிறகு வாட்டர் டேங்க் வரை. பிறகு சுற்றி. பிடரியில் மாட்டியிருந்த அவன் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தன. இறுகி நின்ற முழங்கால் இரண்டும் பொம்மியின் விலாவில் தொங்க ஆரம்பித்தன. அவன் அம்மா முதலில் அதைத்தான் பார்த்தாள். "காலு, காலு" என்று பக்கத்தில் நின்ற என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பிடித்திருப்பது தெரிந்து விட்டுவிட்டாள். விட்டிருக்க வேண்டாம்.

சிஸ்டரிடம் பவித்ரா சொல்வது கேட்டது. ஜூன் வரை சனிக்கிழமை தோறும் வருவாளாம். ஆஸ்டலுக்குப் போன பிறகு லீவுக்கு. அவள் அப்பா மறுக்கவில்லை.

நான் பக்கத்தில் போய், "பவித்ரா, ரொம்ப தேங்க்ஸ்மா" என்றேன். கயிற்று முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கும். நிமிரவில்லை. இன்னொரு முறை சொல்லலாமா என்று நின்றேன். முத்துராஜ் மேலேயிருந்து, "இன்னொரு ரவுண்டு" என்றான்.

அவள் பொம்மியைத் திருப்பினாள். நான் சரியாகப் பாதையில் நின்றிருக்கிறேன். கிட்டே வந்ததும், என்னைப் பார்க்காமல், முன்னாலேயே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன்.